இடது பக்கம் ஒடிக்காத வண்டி

ஸ்டியரிங்கை இடது பக்கம் முழுதாக ஒடித்தால், வலது முன்சக்கரத்துக்குள்ளிருந்து டக் டக் டக் என்று சத்தம் வரும். நேரே போனால் வராது. வலது பக்கம் ஒடித்தாலும் வராது. அறந்தாங்கியில் பட்டறை வைத்திருக்கும் மெக்கானிக் வண்டிக்கு அடியில் படுத்து டார்ச் அடித்துப் பார்த்தான். பார்த்துவிட்டுப் படுத்தபடியே என்னை ஏச ஆரம்பித்தான்.

"அண்ணே, ஆக்ஸில் மேல இருக்க ரப்பர் உறை கிழிஞ்சுபோச்சு. கிரீஸ் பூரா வெளிய தெறிச்சு, உள்ள மணலு போயிருக்கு. இம்புட்டு ஒசரம் தூக்காதீங்கன்னு தலையால அடிச்சுக்கிட்டேன். கேட்டீங்களா?"

"தூக்குனது யாரு? நீதானே?"

"தூக்கச் சொன்னீங்க, தூக்குனேன். இது இன்னிக்கும் ஒடையலாம், இன்னும் ஒரு மாசமும் ஓடலாம். ஒடஞ்சா எஞ்சின் ஓடும், சக்கரம் சுத்தாது. நின்ன எடத்துலயே நிக்க வேண்டியதுதான்."

புது ஆக்ஸிலுக்கு மதுரையில் சொல்லிவைத்தோம். அதற்குள் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. சாமான் வந்து சேரவில்லை. அந்த நிலைமையில் இருந்த வண்டியை எடுத்துக்கொண்டுதான் நான் கட்டுமாவடிக் கடற்கரைச் சேற்றுக்குள் இறங்கினேன். புத்தி உள்ளவன் எவனும் இறங்கியிருக்க மாட்டான். ஆனால் நான் இறங்காமல் இருந்திருந்தால் ஒரு மனிதன் ஐம்பத்தெட்டு வயதில் மறுபடி பெட்டியைக் கட்டிக்கொண்டு வெளிநாட்டுக்கு விமானம் ஏறியிருப்பான்.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். எனக்குப் படிப்பு மூன்றாம் வகுப்போடு சரி. விராலிமலைப் பக்கம் திருச்சி–மதுரை ரோட்டோரத்தில் ஒரு பஞ்சர் கடையில் காலால் மிதிக்கிற பம்பை வைத்து லாரி டயருக்குக் காற்றடித்தவன் நான். மிதித்து மிதித்து என் வலது கால் கெண்டைச்சதை இன்றும் இடது காலைவிடப் பெரிதாகத்தான் இருக்கிறது. சந்தேகம் இருந்தால் வேட்டியை மடித்துக் காட்டுகிறேன். பிறகு லாரியில் கிளீனர், பிறகு டிரைவர், பிறகு சொந்த லாரி. இன்றைக்கு அறந்தாங்கியில் என் டயர் கடை இருக்கிறது, டிப்பர்கள் ஓடுகின்றன. யாரும் தூக்கிவிட்டு நான் மேலே வரவில்லை.

டயரை ஓர் இரும்புக் கம்பியால் தட்டினால் போதும். எழும்புகிற சத்தத்தை வைத்து உள்ளே காற்று எவ்வளவு என்று சொல்லிவிடுவேன். என் கடையில் காற்றுக்குக் காசு வாங்குவது கிடையாது. பஞ்சர் ஒட்ட வந்தாலும் சரி, வழி கேட்க வந்தாலும் சரி, நாலு சக்கரத்தையும் தட்டிப் பார்த்து, குறைந்திருந்தால் அடித்துத்தான் அனுப்புவேன். தொய்ந்த டயரோடு ஒரு வண்டி என் வாசலை விட்டுப் போனது என்று எவனும் சொல்ல முடியாது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

அந்த வண்டி நான் ஆசைப்பட்டு வாங்கியது. விளம்பரத்தில் பார்த்தால் மலையேறும், காட்டாற்றில் இறங்கும். கிட்டப் போய்க் குனிந்து பார்த்தால் அதன் வயிறு தரையோடு கிடக்கும். அறந்தாங்கிக்கு மேற்கே, தைலமரக் காட்டைத் தாண்டி எனக்கு ஒரு முந்திரித் தோப்பு உண்டு. தைலமரம் ஏற்றும் லாரிகள் ஓடி ஓடி அந்தச் செம்மண் தடத்தில் இரண்டு பக்கமும் பள்ளம் விழுந்து, நடுவில் சரளை வரப்பு மாதிரி முதுகு எழும்பி நிற்கும். புது வண்டியை அதில் விட்ட இரண்டாம் மாதமே அடியில் ஆயில் சட்டி உடைந்து, எஞ்சின் ஆயில் முழுவதும் தடத்தில் ஊற்றிப் போனது. அன்றைக்கு வெயிலில் நடந்து வந்தேன். நடக்கும்போதே முடிவு செய்துவிட்டேன்: தடத்தை மாற்ற முடியாது, வண்டியை உயர்த்தலாம்.

மெக்கானிக் பட்டும் படாமலும் கொஞ்சமாக உயர்த்தினால் போதும் என்றான். நான் ஒத்துக்கொள்ளவில்லை. முன்பக்கம் ஸ்ப்ரிங்குக்கு மேலே தடித்த கட்டை வைத்துத் தூக்கச் சொன்னேன். பின்பக்கம் இன்னும் உயரமான, கெட்டியான ஸ்ப்ரிங், அதற்கேற்ற நீளமான ஷாக் அப்சார்பர். லாரிக்காரனுக்கு ஸ்ப்ரிங் என்றால் பாரம் தாங்க வேண்டும். சொகுசு இரண்டாம்பட்சம்தான். பிறகு என் கடையிலிருந்தே ஒரு சைஸ் பெரிய பட்டன் டயர் நாலு எடுத்துக் கொடுத்தேன். சேற்றைக் கடித்து இழுப்பதற்காக மேலெல்லாம் கட்டை கட்டையாகப் புடைத்திருக்கும் டயர் அது. அதை மாட்டினால் சக்கரம் திரும்பும்போது உள்ளே பிளாஸ்டிக்கில் உரசியது. பிளாஸ்டிக்கைக் கத்தியால் அறுத்தோம். ஹெட்லைட் பனைமரத்து உச்சியைக் காட்டியது. அதைக் கீழே இறக்கினோம்.

வெறும் வண்டியாக ஓட்டினால் பின்பக்கம் ஆட்டுக்குட்டி மாதிரித் துள்ளும். அதைக்கூட என் வீட்டுக்காரி பொறுத்துக்கொண்டிருப்பாள். ஏற முடியாததைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை. அவளுக்கு மூட்டுவலி.

"ஏங்க, கார் வாங்குனீங்க, சரி. ஏணி எப்ப வாங்குவீங்க?" என்று தெருவே கேட்கும்படி கேட்டாள்.

நான் தச்சனிடம் சொல்லி, பலாமரத்தில் ஒரு மணைக்கட்டை செய்து கொடுத்தேன். குட்டையான, கனத்த பலகை. அதில் காலை வைத்து அவள் ஏறுவாள். ஏறியதும் நான் அதை எடுத்து பின்சீட்டுக்குக் கீழே போட்டுக்கொள்வேன். அது வண்டியிலேயே கிடக்கும்.

இப்போது கடற்கரைக்கு வருகிறேன். கட்டுமாவடிக்குப் பக்கத்தில் இறால் பண்ணை வைத்திருக்கும் ஒரு பாய் என் சிநேகிதர். டிராக்டருக்கு டயர் வாங்க வந்து பழக்கமானவர். முப்பது வருடத்துக்கு மேல் வளைகுடா நாட்டில் கிடந்து சம்பாதித்ததையெல்லாம் கொண்டுவந்து நாலு குளம் வெட்டினார். முதல் தடவை விட்ட குஞ்சு வெள்ளைப்புள்ளி நோயில் மொத்தமாகப் போயிற்று. இது இரண்டாம் தடவை. இறால் நன்றாகத் திரண்டு, பிடிப்பதற்கு நாள் குறித்து, ஐஸ் லாரிக்கும் சொல்லியாகிவிட்டது. இதுவும் போனால் அவருக்கு மூன்றாம் தடவை கிடையாது.

அவருடைய மச்சான், அதாவது அவர் மனைவியின் தம்பி, பண்ணையில் கூடவே இருப்பவன். அவனும் பாலைவனத்தில் தண்ணீர் டேங்கர் ஓட்டிவிட்டு வந்தவன். வண்டியை உயர்த்திய புதிதில் நான் அங்கே மீன் சாப்பாட்டுக்குப் போயிருந்தேன். அவன் கையைக் கழுவிவிட்டு வந்து வண்டியை ஒரு சுற்றுச் சுற்றினான்.

"அண்ணே, ஒட்டகத்துக்கு ஷூ மாட்டுன மாதிரில்ல இருக்கு!"

"ஒட்டகத்தப் பாத்துட்டு வந்தவனுக்கு எல்லாம் ஒட்டகமாத்தான் தெரியும், மாப்ள."

அவன் டயரைக் காலால் உதைத்தான். "கல்லு மாதிரி வச்சிருக்கீங்க. இத வச்சுக்கிட்டு மணல்ல எறங்குனா அங்கிட்டே பொதஞ்சிருவீங்க. நாங்கல்லாம் எறங்கறதுக்கு முன்னாடி காத்தப் பாதியாக் கொறச்சிருவோம்."

"காத்த எறக்குறவன் டயர் கடை வைக்க மாட்டான்" என்றேன். பாய் சிரித்தார். அவன் சிரிக்கவில்லை.

அன்றைக்குக் காலை, கடலில் புயல் சின்னம் என்று டிவியில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். காற்றும் மழையும். பாயிடமிருந்து போன் வந்தது. கத்திப் பேசுகிற மனிதர். அன்று குரலே எழும்பவில்லை.

"அண்ணே, எறாலு மேல வருது."

இறால் என்பது குளத்தின் அடியிலேயே கிடக்கிற ஜீவன். அது மேலே வந்து நீந்தினால் தண்ணீருக்குள் மூச்சுக்கு வழியில்லை என்று அர்த்தம். தண்ணீரை அடித்துக் காற்றைக் கலக்கும் துடுப்புச் சக்கரங்கள் ராப்பகலாகச் சுற்ற வேண்டும். மின்சாரம் முந்தின நாளே போய்விட்டது. ஜெனரேட்டரை வைத்து ஓட்டியிருக்கிறார்கள். டீசல் பேரலின் மூடி காற்றில் தூக்கி, மழைத்தண்ணீர் உள்ளே இறங்கியிருக்கிறது. அதை ஊற்றி ஓட்டியதில் டீசல் பம்பு இறுகி, விடியும்போது ஜெனரேட்டர் நின்றுபோயிற்று. நல்ல டீசல் எடுத்து வர டிராக்டரை அனுப்பினால், அது வரப்புச் சாலையில் அச்சுவரைக்கும் புதைந்து, அந்த வழியையும் அடைத்துக்கொண்டு கிடக்கிறது.

"ஆக்சிஜன் பவுடர் போட்டுக்கிட்டு இருக்கோம்ணே. மத்தியானம் வரைக்கும் இழுக்கும். அதுக்கு மேல… இதுவும் போச்சுன்னா நான் மறுபடி ஏர்போர்ட்டுக்குத்தான் போகணும். அம்பத்தெட்டு வயசுல எவன்ணே வேலை குடுப்பான்?"

"வாரேன்" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.

என் டிப்பரை அந்தச் சேற்றில் இறக்கினால் டிராக்டருக்குப் பக்கத்தில் அதுவும் குடியேறும். கனம் குறைந்த, உயரமான வண்டி ஒன்றுதான் போக முடியும். அது என் வாசலில் நின்றது. பட்டறைக்குப் போய் மெக்கானிக்கைக் கூப்பிட்டேன். டீசல் எஞ்சின் வேலையில் கைதேர்ந்தவன். அந்த ஜெனரேட்டருக்குச் சேருகிற பழுதுபார்த்த பம்பு ஒன்று அவனிடம் இருந்தது. சாக்கில் கட்டி எடுத்துக்கொண்டு வெளியே வந்தவன், வண்டியைப் பார்த்ததும் நின்றுவிட்டான்.

"இதுலயா?"

"ஏறு."

"அண்ணே, அந்த ஆக்ஸிலு…"

"அது எனக்குத் தெரியும். நீ ஏறு."

பின்சீட்டை மடித்து, பெரிய பெரிய கேன்களில் டீசலை நிரப்பி அடுக்கினோம். பாரம் ஏறியதும் அதுவரை துள்ளிக்கொண்டிருந்த வண்டி பெட்டிப்பாம்பாய் அடங்கிவிட்டது. "பாத்தியா, இதுக்குத்தான் அந்த ஸ்ப்ரிங்கு" என்றேன். மெக்கானிக் ஜன்னல் வழியே முன்சக்கரத்தை எட்டிப் பார்த்துக்கொண்டு வந்தான்.

"பின்னாடி அமுங்குனா முன்னாடி தூக்கும்ணே. ஆக்ஸிலு இன்னும் சாய்மானமா நிக்கும். முன்ன முழுசா ஒடிச்சாத்தான் சத்தம் வந்துச்சு. இப்பக் கொஞ்சம் ஒடிச்சாலே வரும், பாருங்க."

அவன் சொன்ன மாதிரியேதான் வந்தது. அறந்தாங்கியைத் தாண்டிய முதல் இடது வளைவிலேயே டக் என்றது. அதற்கப்புறம் அந்தச் சாலையில் எத்தனை இடது வளைவு இருக்கிறது என்று எனக்கு மனப்பாடமாகிவிட்டது. ஒவ்வொரு வளைவுக்கும் முன்னால் வேகத்தைக் குறைத்து, சாலையின் முழு அகலத்தையும் எடுத்து, ஸ்டியரிங்கை ஒரு நூல் ஒரு நூலாகத் திருப்பினேன். எதிரே வந்த பஸ்காரன் என்னைக் குடிகாரன் என்று நினைத்திருப்பான். ஒவ்வொரு டக்குக்கும் மெக்கானிக் பல்லைக் கடித்தான். அவன் வாயிலிருந்துதான் அந்தச் சத்தம் வருகிறதோ என்றுகூட எனக்குத் தோன்றியது.

கிழக்குக் கடற்கரைச் சாலையில், பண்ணைக்குப் பிரியும் இடத்தில் ஒரு டீக்கடை. மச்சான்காரன் உரச்சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு நின்றான். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. வழி காட்ட அனுப்பியிருக்கிறார்கள். கதவைத் திறந்து மெக்கானிக்கை நெருக்கிக்கொண்டு ஏறினான்.

"வரப்பு வழி ஆகாது. பழைய உப்பளத்தச் சுத்தித்தான் போகணும். எறங்கறதுக்கு முன்னாடி காத்தக் கொறங்க அண்ணே."

"வழியச் சொல்லு மாப்ள. டயர நான் பாத்துக்கறேன்."

கருவேல முள்ளுக்கு நடுவே கொஞ்ச தூரம் நன்றாகத்தான் போனது. பிறகு வெட்டவெளி. வெயில் நாளில் அந்த உப்பளத் தரை அப்பளம் மாதிரி வெடித்துக் கிடக்கும். மழையில் மேலே விரற்கடை தண்ணீர், கீழே வெண்ணெய் மாதிரி உளை. நான் நிறுத்தாமல் ஒரே சீராக ஓட்டினேன். லாரிக்காரனுக்கு அது தெரியும், சேற்றில் நின்றால் போச்சு. ஆனால் ஓர் இடத்தில் முன்பக்கம் கீழே அமுங்கியது. ஆக்ஸிலேட்டரை மிதித்தேன். சக்கரம் சுற்றியது, சேறு கண்ணாடிக்கு மேலே தெறித்தது, வண்டி நகரவில்லை. இன்னும் மிதித்தேன். ஸ்டியரிங் நேராக இருக்கும்போதே டக் டக் என்றது.

"மிதிக்காதீங்க!" என்று மெக்கானிக் என் கையைப் பிடித்தான்.

எஞ்சினை அணைத்தேன். மழை கூரையில் அடிப்பது மட்டும் கேட்டது. மச்சான்காரன் அந்தக் காற்றுப் பேச்சை மறுபடி எடுத்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும், பதிலுக்கு நாலு வார்த்தை ஏசியிருப்பேன். அவன் முன்கண்ணாடி வழியாகப் பண்ணை இருக்கும் திசையையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்த நேரம் அவன் போன் அடித்தது. பாய் பேசினார், எனக்கே கேட்டது.

"மச்சான், எங்க இருக்கீங்க? நாலாங் குளத்துல ஓரத்துல ஒதுங்குது. கொக்கு வந்து எறங்கிருச்சு."

நான் கதவைத் திறந்து சேற்றில் இறங்கினேன். முழங்காலுக்குப் போயிற்று. சாவியின் முனையை எடுத்து, முன்சக்கரத்து வால்வில் வைத்து அழுத்தினேன்.

புஸ் என்று காற்று முகத்தில் அடித்தது. டயருக்குள் கிடந்த காற்றுக்கு ஒரு மணம் உண்டு, ரப்பரும் சோப்புத்தூளும் கலந்த மாதிரி. அந்த மணத்தில் வளர்ந்தவன் நான். பழுதில்லாத டயரிலிருந்து நானே காற்றைத் திறந்துவிட்டது என் ஆயுசில் அன்றுதான். மச்சான்காரன் மறுபக்கத்து டயரில் குனிந்திருந்தான்.

"எம்புட்டுண்ணே விடணும்? மீட்டர் இருக்கா?" என்று மெக்கானிக் கேட்டான்.

"மீட்டர் எதுக்கு, நான் இருக்கும்போது?" என்று டிக்கியிலிருந்து கம்பியை எடுத்தேன். காற்று இறங்க இறங்கத் தட்டிப் பார்த்தேன். முதலில் கணீர் என்றது. பிறகு டொக் என்றது. பிறகு தொத் என்றது. இந்தத் தொத் சத்தத்தோடு என் கடைக்கு ஒருவன் வண்டியைக் கொண்டுவந்தால் வாசலிலேயே நிறுத்தி வைத்து ஏசுவேன். அந்த இடத்தில் நாலு டயரையும் நிறுத்தினேன். மச்சான்காரன் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்துவிட்டு, "சரியா இருக்கு" என்றான். அவன் சொல்லித்தான் எனக்குத் தெரிய வேண்டும் என்கிற மாதிரி.

அடுத்து, புதைந்த சக்கரத்தைத் தூக்கி அடியில் ஏதாவது போட வேண்டும். ஜாக்கியை வைத்தால் ஜாக்கிதான் கீழே இறங்கியது, வண்டி ஏறவில்லை. என் வீட்டுக்காரியின் மணைக்கட்டையை எடுத்து வந்து ஜாக்கிக்கு அடியில் வைத்தேன். பலாப்பலகை, சும்மா சொல்லக்கூடாது, அசையவில்லை. வண்டி மெல்ல எழும்பியது. மச்சான்காரன் முள்ளோடு கருவேலக் கிளைகளை இழுத்துவந்து திணித்தான். அவன் கையில் ரத்தம் வழிந்ததை மழை கழுவிக்கொண்டே இருந்தது.

இறக்கி ஓட்டிப் பார்த்தேன். வண்டி ஒரு முழம் நகர்ந்து மறுபடி சுற்றியது. டக் டக்.

அப்போதுதான் எனக்குள்ளிருந்த லாரிக்காரன் விழித்துக்கொண்டான். இந்த வண்டியில் இழுக்கிறது முன்சக்கரம். பாரம் முழுவதும் பின்னால் கிடக்கிறது. முன்பக்கம் காற்றில் மிதந்துகொண்டு சேற்றை வழிக்கிறது, அழுத்திப் பிடிக்க எடை இல்லை.

"மாப்ள, பானெட்டு மேல ஏறு" என்றேன்.

"எதுக்கு?"

"ஒட்டகத்துல ஏறுனவன்தானே நீ? ஏறு."

அவன் என்னை முறைத்தான். ஏறினான். முன்பக்கம் அமுங்கியது. சக்கரத்தருகே குனிந்து நின்ற மெக்கானிக் திடீரென்று கத்தினான். "அண்ணே! ஆக்ஸிலு நேராவுதுண்ணே! சாய்மானம் கொறையுது!" சொல்லிக்கொண்டே அவனும் பம்புச் சாக்கை முன்சீட்டில் போட்டுவிட்டுப் பானெட்டில் ஏறி மச்சான்காரனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். தகரம் படீரென்று உள்வாங்கிய சத்தம் கேட்டது. கேன்களில் தூக்க முடிந்ததை முன்னால் இழுத்து வைத்துக்கொண்டு, நான் மட்டும் உள்ளே உட்கார்ந்து, மெதுவாகக் கிளட்சை விட்டேன்.

தொய்ந்த டயர் தட்டையாகப் பரந்து சேற்றின் மேல் படிந்தது. கடித்தது. வண்டி நகர்ந்தது.

எனக்கு முன்னால் தெரிந்தது இரண்டு முதுகுகள் மட்டும்தான். வழி தெரியவில்லை. மச்சான்காரன் கையை நீட்டிக் காட்டுவான், நான் அந்தக் கையைப் பார்த்து ஓட்டுவேன். "வலது! வலது! நேரா!" என்று மழையில் கத்திக்கொண்டே வந்தான். கல்யாண ஊர்வலத்தில்கூட மாப்பிள்ளையை உள்ளேதான் உட்கார வைப்பார்கள். நான் இரண்டு பேரை வெளியே உட்கார வைத்துக் கொண்டுபோனேன்.

உப்பளத்தின் கடைசியில் ஒரு பழைய மதகு. அதற்குப் பக்கத்தில் சட்டென்று இடது பக்கம் ஒடித்துப் பண்ணை வரப்பில் ஏற வேண்டும். மச்சான்காரன் இடது கையை நீட்டினான். நான் ஒடிக்கவில்லை.

"அண்ணே, இடது! இடது!"

நான் மதகைத் தாண்டி நேரே போனேன். இடம் கெட்டியாக இருந்த பக்கமாகப் பார்த்து, வலது பக்கம் ஒடித்தேன். இன்னும் வலது. இன்னும் வலது. பெரிய வட்டமாக ஒரு சுற்றுச் சுற்றி வந்தால் முகம் வரப்பைப் பார்த்து நேராக நின்றது.

"என்னண்ணே, சாமிக்கா சுத்துறீங்க?"

"ஆக்ஸிலுக்குடா!" என்று பதில் சொன்னவன் மெக்கானிக்.

வரப்பில் ஏறினோம். நாலு குளமும் தெரிந்தன. ஆட்கள் இடுப்பளவு தண்ணீரில் நின்று பலகையாலும் தட்டாலும் தண்ணீரை அடித்துக்கொண்டிருந்தார்கள். அடித்து அடித்து ஓய்ந்துபோயிருந்தார்கள். பாய் ஆக்சிஜன் பார்க்கும் மீட்டரைக் கையில் பிடித்துக்கொண்டு கரையில் நின்றார். எங்களைப் பார்த்து ஓடி வரவில்லை. பானெட்டில் உட்கார்ந்திருந்த தன் மச்சானைப் பார்த்தும் சிரிக்கவில்லை. "வந்துட்டீங்களா" என்று மட்டும் சொன்னார்.

மெக்கானிக் வண்டி நிற்பதற்குள் குதித்து, பம்புச் சாக்கைத் தூக்கிக்கொண்டு ஓடினான். கேன்களை இறக்கத் தோதாக வண்டியை ஜெனரேட்டர் கொட்டகைக்குப் பக்கத்தில் கொண்டுபோகலாம் என்று நினைத்தேன். வந்துவிட்டோம் என்ற நினைப்பில் கை தன்னால் திரும்பியது. இடது பக்கம்.

டக் என்று ஒரே ஒரு சத்தம். அதற்குப் பிறகு எஞ்சின் உறுமியது, வண்டி நின்றது. மெக்கானிக் சொன்னது சொன்னபடி. ஆனால் ஒன்று சொல்கிறேன், என் வண்டி போய்ச் சேர்ந்த பிறகுதான் உடைந்தது, வழியில் இல்லை. கேன்களை ஆளுக்கொன்றாகத் தூக்கிக்கொண்டு ஓடினோம்.

பம்பைக் கழற்றி மாட்டுவது என்ன ஐந்து நிமிட வேலையா? மெக்கானிக் மழையில் முதுகு நனைய, கொட்டகைக்குள் தலையை விட்டு வேலை பார்த்தான். கெட்டுப்போன டீசலை வடித்து, டேங்கைத் துடைத்து, நல்ல டீசலை ஊற்றினோம். ஸ்டார்ட் செய்தான். எஞ்சின் இருமியது, நின்றது. மறுபடி. இருமல். நாலாம் குளத்தில் கொக்குகள் ஒன்றாய் எழும்பி மறுபடி உட்கார்ந்தன.

"டீசல் குழாயில காத்து புடிச்சிருக்கு. எடுக்கணும்" என்றான்.

ஒரு திருகைத் தளர்த்தி, கைப்பம்பை அமுக்க அமுக்க நுரை நுரையாகக் காற்று வெளியேறியது. நான் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். காற்றடித்துப் பிழைத்தவனுக்கு அன்றைக்குக் காற்றைக் கண்டாலே ஆகவில்லை. நுரை நின்று சுத்தமான டீசல் வந்ததும் திருகை இறுக்கினான். பிறகு ஸ்டார்ட் செய்தான்.

பிடித்தது.

துடுப்புச் சக்கரங்கள் ஒவ்வொன்றாகச் சுழன்றன. குளத்தின் மேல் வெள்ளையாக நுரை பொங்கியது. தண்ணீரில் நின்றவர்கள் பலகையை மிதக்க விட்டுவிட்டு அப்படியே நின்றார்கள். யாரும் கைதட்டவில்லை. சக்கரம் சுற்றியதால் இறால் பிழைத்துவிட்டது என்று யாராலும் சொல்ல முடியாது. மூச்சு முட்டிப்போன இறால் அடியில் போய்ச் செத்துக் கிடந்தால் மேலேயிருந்து தெரியாது.

அதைத் தெரிந்துகொள்ள ஒரு வழிதான் உண்டு. வலைத்தட்டு என்று ஒன்று வைத்திருப்பார்கள், நாலு மூலையிலும் கயிறு கட்டிய தட்டு. அதில் ஒரு பிடி தீவனத்தைப் போட்டுக் குளத்துக்குள் இறக்கிவிட்டுக் காத்திருக்க வேண்டும். இறால் உயிரோடு இருந்தால் வந்து தின்னும். ஆனால் உடனே போடக்கூடாது, தண்ணீர் தேற வேண்டும் என்றார் பாய். நாங்கள் கரையில் உட்கார்ந்தோம். டீ வந்தது. ஆறிப்போயிற்று. பாய் மீட்டரைத் தண்ணீரில் விடுவார், பார்ப்பார், அடுத்த குளத்துக்குப் போவார். மச்சான்காரன் கையில் குத்திய முள்ளை ஒன்றொன்றாகப் பிடுங்கிக்கொண்டிருந்தான்.

மழை விட்டு, மேற்கே கொஞ்சம் வெளுத்தபோது பாய் தீவனத்தைத் தட்டுகளில் வைத்து நாலு குளத்திலும் இறக்கினார். பிறகு முதல் குளத்து மேடைக்கு வந்து கயிற்றைப் பிடித்தார். இழுக்கவில்லை. பிடித்துக்கொண்டே நின்றார்.

"நான் இழுக்கவா?" என்றேன்.

"வேணாம்ணே."

இழுத்தார். தண்ணீர் சொட்டிக்கொண்டு தட்டு மேலே வந்தது. தட்டில் தீவனம் இல்லை. துடைத்த மாதிரி இருந்தது. இரண்டு இறால் மட்டும் வலையின் மேல் சடசடவென்று துள்ளிக்கொண்டிருந்தன. அவர் கையில் எடுத்துப் பார்த்துத் தண்ணீரில் விட்டார்.

இரண்டாம் குளத்திலும் தட்டு காலி. மூன்றாவதில் பாதி தின்றிருந்தது, பக்கத்திலேயே நாலைந்து மேய்ந்துகொண்டிருந்தன. நாலாம் குளத்துத் தட்டை இழுத்தார். வைத்த தீவனம் வைத்த மாதிரியே ஊறிப்போய்க் கிடந்தது. நாங்கள் எல்லோரும் அந்தத் தட்டையே பார்த்தோம். அவர் அதைக் கவிழ்த்துக் கொட்டினார். அலசினார். கம்பத்தில் மாட்டினார். பிறகு எங்கள் பக்கம் திரும்பினார்.

"மூணு குளம் நிக்கிது. போதும்ணே."

மச்சான்காரன் கடைசி முள்ளைப் பிடுங்கி எறிந்துவிட்டுக் கேட்டான். "அப்ப ஏர்போர்ட்டு போகலையா, மச்சான்?"

பாய் என் வண்டியைப் பார்த்தார். பானெட்டு இரண்டு ஆள் உட்கார்ந்த பள்ளத்தோடு, நாலு டயரும் தொய்ந்து, முன்சக்கரம் இடது பக்கம் திரும்பியபடி வரப்பில் நின்றது. காலையிலிருந்து அப்போதுதான் அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது.

"எப்பிடிப் போறது? கொண்டுபோய் விடுறதுக்கு இருந்த ஒரே ஒட்டகமும் படுத்துருச்சே."